சிறுநீர்ப்பை ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் குடிப்பது முதல் அறிக்கை வாங்குவது வரை

சென்ற ஆண்டு சித்திரை வெயிலில், 71 வயதான என் தந்தையைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்குச் சிறுநீர்ப்பையின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றேன். இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார், கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது என்பதுதான் அவருடைய தொல்லை. தனியார் ஸ்கேன் மையத்தில் தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னது ஒரே வரி: "நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, யூரினை அடக்கிக்கொண்டு வாருங்கள்." அதை நம்பி வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, பேருந்து ஏறினோம். தவளக்குப்பம் தாண்டியதும் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. அரியாங்குப்பத்தில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்கில் கெஞ்சி அனுமதி வாங்கி, அவர் சிறுநீர் கழித்துவிட்டார். மையத்தை அடைந்தபோது சிறுநீர்ப்பை காலி. மறுபடியும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இந்த முறை அவர் பயத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்துவிட்டார். டோக்கன் வர இரண்டு மணி நேரம் ஆனது.

அன்றைய அறிக்கையில், சிறுநீர் கழிப்பதற்கு முன் பையில் 620 மில்லி என்றும், கழித்த பின் 190 மில்லி தேங்கியிருக்கிறது என்றும் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் சிறுநீரை வெளியேற்றக் குழாய் போட வேண்டியிருக்கலாம் என்றார். அந்த இரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. ஆனாலும் அவர் நல்ல மருத்துவர். எப்படித் தண்ணீர் குடித்தீர்கள், எவ்வளவு நேரம் அடக்கினீர்கள் என்று அடுத்த சந்திப்பில் விசாரித்துவிட்டு, முறையாகத் தயார் செய்துகொண்டு மறுபடி எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து எடுத்ததில், கழிப்பதற்கு முன் 340 மில்லி, கழித்த பின் 45 மில்லி. இடையில் மருந்து எதுவும் மாறவில்லை. மாறியது தண்ணீர் குடித்த நேரமும் சிறுநீர் கழித்த விதமும்தான்.

இந்த ஸ்கேனில் பாதி வேலை நோயாளியின் கையில் இருக்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு வாரக் கவலையும் இரட்டைச் செலவும் மிச்சமாகியிருக்கும். கடலூர், புதுச்சேரிப் பகுதியில் முதன்முறையாக இதற்குப் போகிறவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மருத்துவர் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்

சிறுநீர்ப்பையை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வது குறைவு. பெரும்பாலும் சீட்டில் 'கே.யு.பி.' என்று எழுதியிருக்கும். சிறுநீரகங்கள், சிறுநீர்க் குழாய்கள், சிறுநீர்ப்பை மூன்றையும் பார்ப்பது அதன் பொருள். ஆண்களுக்கு அதே ஸ்கேனில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் அளவையும் எடுப்பார்கள். இவற்றோடு 'பி.வி.ஆர்.' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு அது. சொட்டுச் சொட்டாகப் போகிறது, முக்கிப் போக வேண்டியிருக்கிறது, அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்பவர்களுக்கு மருத்துவர் முக்கியமாகத் தேடுவது அந்த ஒரு எண்ணைத்தான். சீட்டில் அது இல்லையென்றால் சில மையங்களில் நிறைந்த பையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்; பிறகு அதற்காகவே மறுபடி போக வேண்டும். ஆகவே மருத்துவர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, "பி.வி.ஆர். வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

சீட்டில் முழு வயிறு என்று எழுதியிருந்தால் பித்தப்பையையும் பார்ப்பார்கள் என்பதால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உணவு உண்ணாமல் வரச் சொல்வார்கள். தண்ணீருக்குப் பொதுவாகத் தடை இல்லை. சிறுநீர்ப்பைக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் இந்த வேறுபாட்டை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையில்லாத பட்டினியால் வரிசையில் மயங்கி விழுந்த ஒருவரை நானே பார்த்தேன்.

2. எங்கே எடுப்பது, என்ன செலவாகும்

அரசு வழி, தனியார் வழி என இரண்டு இருக்கின்றன. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் உள்ள அரசு பொது மருத்துவமனை, கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர் ஆகியவையும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளவை. இவ்வளவு பெரிய மருத்துவமனைகளில், வெளியில் எழுதி வாங்கிய சீட்டை நேராக ஸ்கேன் அறையில் நீட்ட முடியாது என்பதைப் புதியவர்கள் அறிவதில்லை. காலையில் ஓ.பி. பதிவு செய்து, அங்குள்ள மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தந்த பிறகே ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும். அந்த நாள் அன்றாகவும் இருக்கலாம், சில வாரங்கள் தள்ளியும் இருக்கலாம். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் மத்திய அரசு விடுமுறைகளில் ஓ.பி. இருக்காது, நம் ஊர் விடுமுறைக் கணக்கை மட்டும் பார்த்துப் புறப்பட்டு, பூட்டிய கவுண்டரைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. சிறப்புப் பிரிவுகள் எந்தக் கிழமையில் இயங்குகின்றன என்பதையும் பதிவு செய்யுமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் மையத்தில் அன்றே எடுத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கையும் தந்துவிடுவார்கள். எங்களிடம் ஒவ்வொரு முறையும் 900 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாம் முறைக்குச் சலுகை எதுவும் இல்லை. மையத்துக்கு மையம் கட்டணம் மாறும். எனவே தொலைபேசியில், "கே.யு.பி., பி.வி.ஆர். இரண்டும் சேர்த்து எவ்வளவு? படத்துக்குத் தனிக் கட்டணமா?" என்று தெளிவாகக் கேளுங்கள். "ஸ்கேன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள், பில் போடும்போது வேறு தொகை வரும்.

தொலைவையும் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான் என்றாலும், முள்ளோடை தாண்டிய பிறகு முருங்கப்பாக்கம் வரை எந்த இடத்தில் நெரிசல் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிறுநீர்ப்பை ஸ்கேன் மட்டும் போதும் என்றால் வீட்டுக்கு அருகில், கழிப்பறை சுத்தமாக உள்ள ஒரு மையமே மேலானது என்பது என் கருத்து. பெரிய ஊர், பெரிய கட்டடம் என்பதால் இந்த ஸ்கேனின் தரம் கூடிவிடாது.

3. கையில் இருக்க வேண்டியவை

மருத்துவரின் சீட்டு, ஆதார் அட்டை, பழைய ஸ்கேன் அறிக்கைகள் எல்லாம், அண்மையில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவுகள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்ப் பட்டியல். அரசு மருத்துவமனை என்றால் முன்பு தந்த ஓ.பி. சீட்டையும் புத்தகத்தையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள் சிவப்பு (வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான) ரேஷன் அட்டை வைத்திருந்தால் அதையும் கொண்டுபோவது நல்லது. பழைய அறிக்கையைச் சுமை என்று வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். முன்பு 4 மில்லிமீட்டராக இருந்த கல் இப்போது 7 ஆகியிருக்கிறதா என்று சொல்ல அது ஒன்றுதான் வழி.

பெண்கள் கடைசி மாதவிடாய்த் தேதியை நினைவில் வைத்திருங்கள். மாதவிடாய் நாட்களிலும் இந்த ஸ்கேனை எடுக்கலாம். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் 'படிவம் எஃப்' நிரப்பிக் கையொப்பம் வாங்க வேண்டும்; அது சிறுநீர்ப்பைக்காக எடுப்பதானாலும் அப்படித்தான். மருத்துவரின் சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் கோபப்படுவதில் பயனில்லை.

மேலாடையும் கீழாடையும் தனித்தனியாக இருக்கும் உடை வசதியானது. ஆண்களுக்கு வேட்டியே போதும். ஒரு சிறிய துண்டும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும் உடன் இருக்கட்டும். அந்தப் பாட்டில்தான் அளவுகோல்.

4. தண்ணீர்: எப்போது, எவ்வளவு

ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி அலைகள் நீரின் வழியாக நன்றாகச் செல்லும். காற்றின் வழியாகச் செல்லாது. பை நிறைந்திருந்தால் அது காற்று உள்ள குடலை மேலே தள்ளிவிட்டுத் தானே ஒரு கண்ணாடி போல நின்று, உள்சுவரையும் கல்லையும் கீழே இருக்கும் புராஸ்டேட்டையும் காட்டும். காலியான பை சுருங்கி மடிந்து கிடக்கும். சுவர் தடித்திருப்பது போலத் தோன்றும். சிறிய கட்டி இருந்தால் மடிப்புக்குள் மறைந்துவிடும். அதற்காகத்தான் அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

ஆனால் நிறைந்திருப்பது வேறு, வெடிப்பது போல இருப்பது வேறு. வயது வந்தவரின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். அதற்கு மேல் நிறைத்து நெடுநேரம் அடக்கி வைத்தால், தசை தளர்ந்து, கழிப்பறைக்குப் போனதும் முழுதாகக் காலியாகாது. என் தந்தைக்கு 190 மில்லி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிதமான நிறைவே போதுமானது. உடனே போக வேண்டும் என்ற உணர்வு தெளிவாக இருக்க வேண்டும், துடிக்கும் அளவுக்கு வேண்டாம்.

நாங்கள் இரண்டாம் முறை செய்தது இது. முதல் நாள் முழுவதும் வழக்கம் போல நன்றாகத் தண்ணீர் குடித்தார். வெயில் காலத்தில் இது முக்கியம். உடல் வறண்டு கிடந்தால் காலையில் குடிக்கும் முதல் லிட்டரை உடலே இழுத்துக்கொள்ளும், பைக்கு வந்து சேராது. ஸ்கேன் அன்று வீட்டில் சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே புறப்பட்டோம். மையத்தை அடைந்து, டோக்கன் வாங்கி, "எங்கள் முறை வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றார்கள். அதன் பிறகே பாட்டிலைத் திறந்தோம். நான்கு தம்ளர் கணக்கில், இருபது நிமிடத்துக்குள் 800 மில்லி. அதற்குப் பிறகு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. குடித்த தண்ணீர் உடனே பைக்கு வருவதில்லை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேகமாக நிறையத் தொடங்கும். இன்னும் உணர்வு வரவில்லையே என்று மேலும் மேலும் குடிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து சேரும்.

வெறும் தண்ணீரே நல்லது. சோடாவும் குளிர்பானமும் வயிற்றில் காற்றைச் சேர்த்துப் படத்தைக் கெடுக்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பை மிக விரைவாக நிறையும் என்பதால், ஸ்கேன் அன்று காலை அதை எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரையே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். புராஸ்டேட்டுக்கான மாத்திரையையும் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியவர்கள் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும் இதயம் பலவீனமானவர்களும். நாளொன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மருத்துவர் அளவு கட்டியிருந்தால், ஸ்கேன் மையத்தின் "நிறையக் குடியுங்கள்" என்ற சொல் உங்களுக்கு உரியதன்று. காலையில் எழுந்ததும் கழிக்காமல் அடக்கிக்கொண்டு முதல் டோக்கனுக்குப் போவது போன்ற வழிகள் இருக்கின்றன. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். குழாய் போட்டிருப்பவர்களுக்குப் பையை நிறைக்கச் சிறிது நேரம் குழாயை அடைத்து வைப்பார்கள். அதை மருத்துவரோ செவிலியரோ மட்டுமே செய்ய வேண்டும்; வீட்டில் குழாயை மடித்து நூல் கட்டிக்கொண்டு வருவது ஆபத்து.

அடக்க முடியாத நிலை வந்துவிட்டால் கூச்சப்படாமல் வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பல இடங்களில் உங்களை முன்னால் அழைத்துக்கொள்வார்கள். முதியவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். உடன் போகிறவர்தான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.

5. ஸ்கேன் அறைக்குள்

இங்கே பயப்பட ஒன்றும் இல்லை. மல்லாந்து படுக்க வைத்து, அடிவயிற்றில் குளிர்ச்சியான ஜெல் தடவி, கருவியின் முனையை அழுத்திப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். நிறைந்த பையின் மேல் அழுத்தும்போது சங்கடமாக இருக்கும். சில நேரம் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள், பைக்குள் இருக்கும் கல் உருள்கிறதா என்று அறிய அது உதவும். பெண்கள், தங்களோடு அறையில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. சிறு குழந்தைகளுக்கு ஜெல்லின் குளிர்ச்சி பட்டதும் சிறுநீர் போய்விடுவது உண்டு, எனவே முதலில் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிடுமாறு சொல்லுங்கள்.

6. கழித்துவிட்டு வந்து மறுபடி படுப்பது

முதல் பார்வை முடிந்ததும், "பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்" என்பார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கே கிளம்பிவிட்டவர்கள் இருக்கிறார்கள். பி.வி.ஆர். அளவு இனிமேல்தான் எடுக்கப்படும்.

கழிப்பறையில் அவசரப்படாதீர்கள். வெளியில் ஆள் கதவைத் தட்டினாலும், வீட்டில் எப்படிக் கழிப்பீர்களோ அப்படியே இயல்பாகக் கழியுங்கள். உட்கார்ந்து கழித்துப் பழகியவர் நின்றுகொண்டு முயல வேண்டாம். பாதியில் நின்றால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். அறிக்கையில் குறைவாக வர வேண்டும் என்று அளவுக்கு மீறி முக்கவும் வேண்டாம். உங்கள் உண்மையான நிலைதான் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு நேரத்தைக் கடத்தாமல் ஸ்கேன் அறை வாசலுக்கே திரும்புங்கள். நிறையத் தண்ணீர் குடித்த உடலில் சிறுநீர் தொடர்ந்து ஊறிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 10 மில்லி வந்தால்கூட, அரை மணி நேரம் வரிசையில் நிற்கும்போது 300 மில்லி சேர்ந்துவிடும். அது நோயினால் தேங்கியது போலவே அறிக்கையில் பதிவாகும். "நான் கழித்துவிட்டு வந்துவிட்டேன், உடனே பார்த்துவிடுங்கள்" என்று உதவியாளரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். நேரம் கடந்துவிட்டால் மறுபடி ஒரு முறை கழித்துவிட்டுப் படுப்பது நல்லது. முதல் முறை எங்களுக்கு இடையில் இரண்டு நோயாளிகளை அனுப்பிவிட்டார்கள். நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு இருந்தாலோ, கூச்சத்தால் சரியாகக் கழிக்க முடியவில்லை என்றாலோ அதையும் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லி, அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

7. அறிக்கையைக் கையில் வாங்கியதும்

முதலில் பெயர், வயது, தேதி சரியா என்று பாருங்கள். பிறகு கழிப்பதற்கு முன் உள்ள அளவு, கழித்த பின் உள்ள அளவு இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒன்று விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்பது எளிது. சி.சி. என்றாலும் மில்லி என்றாலும் ஒன்றுதான்.

மிஞ்சும் அளவு 50 மில்லிக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. முதியவர்களுக்கு 100 மில்லி வரை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 200 மில்லிக்கு மேல் போனால் கவனமாக ஆராய்வார்கள். ஆனால் இந்த எண் ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறக்கூடியது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி அதை 0.52ஆல் பெருக்கி வரும் மதிப்பீடு அது. ஊற்றி அளந்த அளவு அன்று. முதல் முறையாக அதிகம் என்று வந்தால், சிகிச்சையை முடிவு செய்வதற்கு முன் மறுபடி ஒரு முறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, எத்தனை மணிக்குக் குடித்தோம், எவ்வளவு குடித்தோம், எப்போது கழித்தோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அவருக்கும் முடிவெடுப்பது எளிதாகும்.

புராஸ்டேட் அளவும் இதே கணக்கில்தான் வருகிறது. 5, 4, 4 சென்டிமீட்டர் என்றால் 80ஐ 0.52ஆல் பெருக்கி, ஏறத்தாழ 42 மில்லி. இளம் வயதில் 20 முதல் 25 மில்லி வரை இருக்கும். வயதாக ஆக வளர்வது இயல்பு. அளவு பெரிதாக இருந்தும் தொல்லை இல்லாதவர்களும், சிறிதாக இருந்தும் அடைப்பினால் அவதிப்படுகிறவர்களும் உண்டு என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சையைப் பற்றி உறவினர்களிடம் யோசனை கேட்கத் தொடங்காதீர்கள். நிறைந்த பையில் சுவர்த் தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு மேல் என்று இருந்தால், பை அப்போது உண்மையில் நிறைந்திருந்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காப்பீட்டில் பணம் திரும்பப் பெறும் எண்ணம் இருந்தால் மருத்துவரின் சீட்டு, முத்திரையுள்ள பில், அறிக்கை மூன்றின் அசலையும் பத்திரப்படுத்தி, பிரதி எடுத்துக்கொண்ட பிறகே யாரிடமும் கொடுங்கள்.

8. ஸ்கேனை நம்பிக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து, ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டால், அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிறிய கட்டிகளும் தட்டையாகப் பரவியவையும் அல்ட்ராசவுண்டில் தெரியாமல் போகலாம். குறிப்பாக 40 வயதைக் கடந்தவர்களும் புகைபிடிக்கிறவர்களும், சிறுநீர்ப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று சிறுநீரியல் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரத்தம் ஒரு முறை வந்து தானாக நின்றுவிட்டாலும் கேட்க வேண்டும்.

சிறுநீர் முற்றிலும் நின்றுபோய் அடிவயிறு புடைத்து வலித்தால், ஸ்கேன் மையத்துக்குப் போகாதீர்கள், தண்ணீரும் குடிக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தாலும், கால்கள் மரத்து வலுவிழந்து சிறுநீரும் நின்றாலும் இதே வழிதான். அந்த நேரத்தில் தேவையான ஸ்கேனை அவசரப் பிரிவிலேயே எடுத்துக்கொள்வார்கள். பழைய அறிக்கைகள் இருக்கும் பையை மட்டும் மறக்காமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.